ஒலியை எண்ணும் கணக்கு

ஆங்கில நெடுங்கணக்கில் எழுத்துக்கள் 26 என்பதை யாவரும் அறிவர். அம்மொழியின் ஒலிகளையோ, இங்கிலாந்தின் பொது உச்சரிப்பின்படி, 44 என்று கணக்கிடுவர்: உயிரொலி 20, மெய்யொலி 24. ஆகவே ஆங்கிலச் சொல்லில் எழுத்தின் தொகை வேறு, ஒலியின் தொகை வேறு. இவ்வேற்றுமையே தொடக்க வகுப்புகளில் நம் குழந்தைகளைத் திகைக்க வைக்கிறது.

என் மகளுக்கு வயது ஏழு. ஆங்கிலத்தில் அவள் பின்தங்குவதாகக் கூறிய ஆசிரியை ஒருவர், வீட்டில் தமிழ் பேசுவதை நிறுத்திவிடும்படி யோசனை சொன்னார். ஊரில் ஐந்தாம் வகுப்புவரை தமிழ் மட்டுமே படித்தவள் என் மனைவி. "அப்படியானால் நான் குழந்தையோடு எந்த மொழியில் பேசுவேன்?" என்று கலங்கினாள்.

நான் ரயில்வேயில் ஒரு குமாஸ்தா, மொழிநூல் கற்றவனல்லன். எனினும் பள்ளியில் கற்ற இலக்கணம் நினைவுக்கு வந்தது. 'அம்மா' என்பது மூன்றெழுத்து. பிரித்தால் அ, ம், ம், ஆ என நான்கு ஒலி. உயிர்மெய்யை இவ்வாறு பிரிப்பதும் ஆங்கிலச் சொல்லின் ஒலியை எண்ணுவதும் ஒரே கணக்கன்றோ?

அன்று முதல் என் மனைவியே ஆசிரியையானாள். வேலைக்குப் புறப்படுமுன் பத்து ஆங்கிலச் சொற்களைத் தமிழெழுத்தில் எழுதி வைப்பேன். மாலையில் மகள் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லி, ஒலிக்கு ஒன்றாகப் புளியங்கொட்டை வைப்பாள். பிறகு தன் புத்தகத்தில் எழுத்தை எண்ணுவாள். 'பாக்ஸ்' என்பதற்கு எழுத்து மூன்று, கொட்டை நான்கு. 'ஊடாக' எனப் பொருள்படும் 'த்ரூ'வுக்கு எழுத்து ஏழு, கொட்டை மூன்றே! எங்கள் ரயில் நிலையப் பெயரிலுள்ள 'கிங்' என்பதற்கு எழுத்து நான்கு, ஒலி மூன்று. ஆங்கிலம் இரண்டெழுத்தால் எழுதும் இறுதி ஒலிக்கு நம்மிடம் 'ங்' என்னும் ஓரெழுத்து உண்டு. 'சர்க்கிள்' என்பதிலோ ஒரே ஆங்கில எழுத்து முதலில் 'ஸ்' என்றும் இடையில் 'க்' என்றும் ஒலிக்கிறது. அதைக் கண்டு நகைக்க வேண்டா. நம் ககரமும் 'கல்', 'தங்கம்' என்பவற்றில் இருவகையாய் ஒலிப்பதே.

தமிழெழுத்து உதவாத இடமும் உண்டு. 'கிங்ஸ்' என்பதன் கடைசி ஒலிக்கும் வேறு சிலவற்றிற்கும் நம்மிடம் எழுத்தில்லை. அவற்றைக் காதால் கேட்டே பழக வேண்டும்.

இரண்டு மாதங்களில் என் மகள் புதிய சொற்களைத் தானே கூட்டிப் படிக்கலானாள். வீட்டில் தமிழ்ப் பேச்சும் நிற்கவில்லை. ஆங்கிலம் அறியாத காரணத்தால் குழந்தையின் பாடத்தருகே அமரத் தயங்கும் தாய்மார் நம்மிடையே பலர். அத்தயக்கம் வேண்டா. உயிரையும் மெய்யையும் பிரிக்கத் தெரிந்த தாய்க்கு, தொடங்குவதற்குப் பத்து நிமிடமும் ஒரு பிடி புளியங்கொட்டையும் போதும்.