பெயர் மறையட்டும், முகவரி ஏன் மறைய வேண்டும்?

ஜூன் 10, 2025, செவ்வாய்

குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏ.ஏ.) இயக்கத்துக்கு இன்று 90 வயது. ஓஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரில் அதன் நிறுவனர் இருவரில் ஒருவரான டாக்டர் பாப் ஸ்மித் கடைசியாகக் குடித்ததாகச் சொல்லப்படும் 1935 ஜூன் 10-ஐத்தான் அது தன் பிறந்த நாளாகக் கொண்டாடுகிறது. ஆனால் நாம் யோசிக்க வேண்டியது அதற்கு ஒரு மாதம் முன்பு நடந்ததை. நியூயார்க்கிலிருந்து தொழில் நிமித்தம் ஆக்ரன் வந்த மற்றொரு நிறுவனர் பில் வில்சன், வந்த காரியம் கெட்டு, கையில் காசில்லாமல் மேஃபிளவர் ஹோட்டல் முன்கூடத்தில் நின்றார். குடியை விட்டுச் சில மாதங்களே ஆகியிருந்தன. ஒருபுறம் மதுக்கூடம் அழைத்தது. மறுபுறம் உள்ளூர் தேவாலயங்களின் பட்டியலும் தொலைபேசியும் இருந்தன. பட்டியலைப் பார்த்து ஒரு பாதிரியாரை அழைத்தார். அவர் வழியாக ஒரு பெண்மணியின் அறிமுகமும், அந்தப் பெண்மணி வழியாக டாக்டர் பாபின் சந்திப்பும் அமைந்தன. பில்லின் மனவுறுதியை எல்லோரும் பேசுகிறார்கள். கண்ணில் படும் இடத்தில் முகவரிகளை எழுதிவைத்த கையும் அதே அளவு முக்கியம். குடியை விட நினைப்பவருக்கு, நினைத்த அந்த மணி நேரத்திலேயே, எங்கே போவது என்று தெரிய வேண்டும். நம் ஊர்களில் மதுக்கடைக்கு வழி கேட்க வேண்டியதில்லை, ஏ.ஏ. கூட்டத்துக்கு யாரைக் கேட்பது என்றே தெரிவதில்லை.

ஜூன் 13, வெள்ளி

மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்கள் சுமார் 2.9 கோடிப் பேர். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் 180 பேருக்கு ஒருவர். இத்தனை பேருக்கு மனநல மருத்துவர்களையும் படுக்கைகளையும் நாளைக்கே உண்டாக்கிவிட முடியாது. ஏ.ஏ. கூட்டத்துக்கோ ஓர் அறையும் சில நாற்காலிகளும் போதும். கட்டணம் கிடையாது, குடியை நிறுத்தும் விருப்பம் ஒன்றே உறுப்பினராகத் தகுதி. இதில் பலன் உண்டா என்ற கேள்விக்கு 2020-இல் வந்த காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வு பதில் சொல்கிறது. 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏ.ஏ. கூட்டங்களோடு முறையாக இணைத்துவிடும் சிகிச்சையைப் பெற்றவர்களில் 42 சதவீதம் பேர் ஓராண்டு முடிவில் குடிக்காமல் இருந்தார்கள். பிற உளவியல் சிகிச்சைகள் பெற்றவர்களில் அது 35 சதவீதம். ‘இணைத்துவிடும்’ என்பதைக் கவனிக்க வேண்டும். கூட்டம் எங்கோ நடப்பதால் மட்டும் பலன் வருவதில்லை. அங்கே ஆளைக் கொண்டுசேர்ப்பதில்தான் வருகிறது.

ஜூன் 18, புதன்

கூட்டங்களின் முகவரியை ஊரறியப் பலகையில் எழுதிவைக்க வேண்டும் என்றால் வரும் மறுப்புகளைப் பார்க்கலாம். முதலில் கடைகளை மூடுங்கள் என்பார்கள். தமிழக அரசு 2016, 2017, 2023 ஆகிய ஆண்டுகளில் 500 கடைகள் வீதம் மூடியது. மூடியது நல்லதே; ஆனால் உடம்பே மதுவைக் கேட்கும் நிலைக்கு வந்தவர் அடுத்த கடைக்கு நடப்பார், அல்லது கள்ளச்சாராயத்தைத் தேடுவார். சென்ற ஆண்டு இதே நாட்களில் கள்ளக்குறிச்சியில் அதைக் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் நோயிலிருந்து மீள வழி வேண்டும். அடுத்தது, கூட்டத்தில் கடவுளைப் பற்றிப் பேசுகிறார்களே என்பது. ‘அவரவர் புரிந்துகொண்டபடி’ என்று அவர்களே இடம் விட்டிருக்கிறார்கள். அதுவும் ஒத்துவராதவருக்கு ஆலோசகரும் மருத்துவரும் உண்டு. மூன்றாவது மறுப்பை லேசாகத் தள்ள முடியாது. நாள்பட்டுக் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தப்பிரமையும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதல் சில நாட்களுக்கு மருத்துவரே வேண்டும். கூட்டம் அதற்கு மாற்றாகாது. ஆனால் மருத்துவமனை சில வாரங்களில் வீட்டுக்கு அனுப்பிவிடும். அதன் பிறகு வரும் மாலைகளுக்குத்தான் கூட்டம்.

கடைசி மறுப்பு, பெயர் தெரியாமல் இருப்பதையே ஆதாரமாகக் கொண்ட இயக்கத்துக்கு விளம்பரப் பலகை எதற்கு என்பது. ஊர் பார்த்துவிடும் என்ற பயம் நியாயமானது. பெண்களுக்கு அது இன்னும் கனமானது. ஆனால் அந்த இயக்கத்தின் மரபு காக்கச் சொல்வது உறுப்பினரின் அடையாளத்தைத்தான்; கூட்டம் நடக்கும் தெருவை மறைக்கச் சொல்லவில்லை. அரசு பலகை வைத்தால் இயக்கத்தின் தன்னாட்சி கெடாது, அதற்குப் பணம் கொடுத்ததாகவும் ஆகாது. பக்கத்து ஊர்க் கூட்டங்களும் பலகையில் இருந்தால், உள்ளூரில் கூச்சப்படுபவர் பேருந்து ஏறிப் போய்க்கொள்வார்.

ஜூன் 26, வியாழன்

இன்று போதைப்பொருள் ஒழிப்பு நாள். பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் உறுதிமொழி எடுத்திருப்பார்கள். ஏற்கெனவே சிக்கிக்கொண்டவருக்கு உறுதிமொழியால் ஆகப்போவது குறைவு. மாவட்ட நிர்வாகங்கள் செய்யக்கூடியது எளிது: ஆரம்ப சுகாதார நிலையம், தாலுகா மருத்துவமனை, பேருந்து நிலையம், மதுக்கடைச் சுவர் ஆகிய இடங்களில் அருகிலுள்ள ஏ.ஏ. கூட்டத்தின் இடம், கிழமை, நேரம், குடும்பத்தினருக்கான அல்-அனான் கூட்டம், போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446 ஆகியவற்றைத் தமிழில் எழுதிவையுங்கள். கூட்டம் இடம் மாறினால் பலகையையும் மாற்றுங்கள். செலவு பெயின்ட் வாங்கும் காசுதான்.