பனியன் கணக்கில் வராத ஆறு

ஒரு பனியன் என்ன விலைக்கு அடங்கும் என்று கேட்டால், திருப்பூரில் டீக்கடைக்காரர்கூடக் கணக்குச் சொல்லிவிடுவார். நூல் விலை, நிட்டிங் கூலி, சாயக்கூலி, கட்டிங், ஓவர்லாக், செக்கிங், அயர்ன், பேக்கிங், வண்டி வாடகை, அதற்குமேல் முதலாளிக்கு நிற்கும் லாபம். பைசா சுத்தமான கணக்கு. அதில் நொய்யல் ஆறு மட்டும் பல வருடம் வரவே இல்லை.

அந்தச் செலவு ஏறியது, சென்னிமலை பக்கம் நாலு ஏக்கர் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு பெரியவரின் வீட்டுக் கணக்கில்.

1992-ல் ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே அணை கட்டி முடித்தபோது அவரும் சந்தோஷப்பட்டவர்தான். ஏறக்குறைய 20,000 ஏக்கருக்குப் பாசனம் என்றார்கள். ஆனால், தேங்கியது திருப்பூர் சாயப்பட்டறைகளின் கழிவுநீர். பருத்தித் துணியில் சாயம் பிடிக்க உப்பு வேண்டும்; கொஞ்சநஞ்சமல்ல, மூட்டை மூட்டையாக. சாயம் துணியோடு போய்விடும். உப்பு தண்ணீரோடு வந்துவிடும். சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் குறையுமே தவிர, கரைந்த உப்பு போகாது. அணைத் தண்ணீரைத் திறந்துவிடச் சொல்லிப் போராட வேண்டிய விவசாயிகள், ‘தயவுசெய்து திறக்காதீங்க’ என்று கெஞ்சினார்கள். உலகத்தில் இப்படியொரு அணை வேறெங்கும் இருக்குமா, தெரியவில்லை.

பெரியவரின் கிணறு கரித்தது. அந்தத் தண்ணீரில் டீ போட்டால் பால் திரிந்தது. தேங்காய் சிறுத்தது. மாட்டை விற்றார். குடிதண்ணீரை விலைக்கு வாங்கினார். இத்தனையும் பனியனின் செலவுதான். வாங்கியவர் கொடுக்கவில்லை, விற்றவரும் கொடுக்கவில்லை. பனியனே உடுத்தாத பெரியவர் கொடுத்தார். தோப்பு சோறு போடாது என்று ஆனபிறகு, அவருடைய மகன் வேலைக்குப் போன இடம் திருப்பூரில் ஒரு சாயப்பட்டறை.

இதற்குப் பொருளாதாரத்தில் ஒரு பழைய வைத்தியம் உண்டு. ஆர்தர் பிகு என்ற இங்கிலாந்துப் பேராசிரியர் 1920-ல் வெளிவந்த தன் புத்தகத்தில் சொன்னது: ஒரு தொழில் ஊராருக்கு வைக்கும் செலவை வரியாகப் போட்டு, அந்தத் தொழிலின் கணக்கிலேயே ஏற்றிவிடுங்கள். நொய்யலில் இதற்குக் கிட்டத்தட்ட ஒரு முன்னோட்டம் நடந்தது. பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில், 2006 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகள் வெளியேற்றும் கழிவுநீருக்கு லிட்டர் கணக்கில் அபராதம் போட்டது. முதலில் 6 காசு, பிறகு 8, பிறகு 10. ஆற்றுக்கு ஒரு விலை வந்தது.

ஆனாலும் கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28-ல், ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறாத நிலை வரும்வரை எல்லாச் சாய, சலவைப் பட்டறைகளையும் மூடச் சொல்லி உத்தரவு வந்தது. 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள். பெரியவர் வீட்டில் அன்று ராத்திரி யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

“ஆத்தக் காப்பாத்திப்போட்டீங்க. இனி நான் எங்கீங்கப்பா வேலைக்குப் போறது?” என்றான் மகன்.

“எனக்கும் இந்தத் தோப்புதான்டா சம்பளம். அது நின்னு எத்தன வருசமாச்சு, யாராச்சும் கேட்டாங்களா?” என்றார் பெரியவர்.

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். விலையில் ஏறாத செலவு இப்படித்தான், ஒரே வீட்டில் அப்பனையும் மகனையும் எதிரெதிரே உட்கார வைக்கும்.

பட்டறைகள் மறுபடி ஓடத் தொடங்கின. இப்போது கழிவுநீரை சவ்வு வடிகட்டியில் செலுத்தி, மிச்சத்தைக் காய்ச்சி, தண்ணீரைத் திரும்ப எடுக்கிறார்கள். விறகும் கரண்டும் ஏராளமாகத் தின்னும் வேலை. சாயக்கூலி கூடியது. முறையாகச் செய்பவருக்குத்தான் இங்கே கஷ்டம். திருட்டுத்தனமாக வாய்க்காலில் விடுகிறவர் கூலியைக் குறைத்துச் சொல்லிவிடுவார். வெளிநாட்டு வியாபாரியோ, சுத்தமாகவும் செய், பழைய விலைக்கே கொடு என்பார். கடைகளில் இன்னொரு வேடிக்கை: சுற்றுச்சூழலைக் கெடுக்காத பனியனுக்குத் தனி லேபிள், கூடுதல் விலை. ஆற்றைக் கெடுத்த பனியனுக்கு லேபிள் கிடையாது, விலையும் மலிவு. மாத பட்ஜெட் போடும் குடும்பம் எதை எடுக்கும்? அவர்களைக் குறை சொல்வதில் அர்த்தமே இல்லை. கெடுத்தவருக்கு வரி, சுத்தமாகச் செய்தவருக்குச் சலுகை என்று மேலே சரிசெய்யாமல், கடைக்கு வந்தவரின் மனசாட்சியிடம் பில்லை நீட்டுவது சுலபமான தப்பித்தல்.

மகனுக்கு இப்போது சுத்திகரிப்பு நிலையத்திலேயே ஷிஃப்ட் வேலை. தண்ணீரைக் காய்ச்சியபின் அடியில் தங்கும் கலப்பு உப்பை மூட்டை கட்டும் பிரிவு. சாயத்துக்கு மறுபடி பயன்படாத உப்பு அது, வயலுக்கும் ஆகாது.

“அத எங்கடா கொண்டுபோய்க் கொட்டுவீங்க?” என்று பெரியவர் ஒருநாள் கேட்டார்.

“கொட்டறதுக்கு எடமில்லீங்கப்பா. ஷெட்டுலதான் அடுக்கி வெச்சிருக்கோம்.”