கல் கற்பிக்கும் பாடம்

“படிக்காவிட்டால் கல் உடைக்கத்தான் போவாய்!” பல பள்ளிகளில் இன்றும் ஒலிக்கும் வசைமொழி இது. ஏடு புரட்டுவது அறிவாம். கல் உடைப்பது அறிவற்றோர் தொழிலாம்! இந்த எண்ணம் எத்துணைப் பொய் என்பதைக் கல்லிடமே கேட்டறிந்தோம் நாம்.

சேர்வராயன் மலையில், கரடியூரில், விடுமுறை நாட்களில் கற்கருவி செய்யப் பழகினோம். கற்பிக்க ஆசான் இல்லை. மலையின் கருங்கல் நினைத்தபடி சில்லாகப் பெயர்வதில்லை. ஆகவே வெங்கச்சங்கல்லையும், உடைந்த கண்ணாடிப் புட்டியின் தடித்த அடிப்பகுதியையும் எடுத்துக்கொண்டோம். வலிமையாக அடித்தால் போதுமா? போதாது! அடிபடும் விளிம்பின் கோணம் செங்கோணத்திற்குக் குறைந்திருக்கவேண்டும். மெலிந்த விளிம்பைத் தேய்த்து உறுதியாக்கவேண்டும். அடியின் விசை கல்லினுள் கூம்பு போல் பரவும். அது செல்லும் வழியை மனம் முன்னரே காணவேண்டும். அதன் பின்னரே கை உயரவேண்டும். கண்ணுக்குக் காப்பு வேண்டும். நுண்தூசி நுரையீரலை அரிக்கும், ஆதலால் திறந்தவெளியும் வேண்டும். இது அறிவின் தொழில் அன்றி வேறென்ன?

ஓய்வுக்காலத்தில் ஏற்காட்டில் வாழ்ந்த நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட், 1863-இல் பல்லாவரத்தில் பழங்கற்காலக் கருவியொன்றைக் கண்டெடுத்தார். அதே ஆண்டு அத்திரம்பாக்கமும் வெளிச்சத்திற்கு வந்தது. அங்குக் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுத் தொன்மையுடையவை என 2011-இல் வெளியான ஆய்வு அறிவித்தது. எழுத்துப் பிறக்குமுன்னே எண்ணம் பிறந்துவிட்டது. பள்ளி எழுமுன்னே பாடம் தொடங்கிவிட்டது!

ஏற்காட்டை அடுத்த பழங்கோயில்களிலும் கற்காலக் கருவிகள் கிடைத்தன. செய்த பொருள் கோயில் புகுந்தது. செய்தவன் நினைவோ தெருவிலும் இல்லை! புதிய கற்கால மனிதன் கல்லைக் கொத்தி உருவாக்கி, தேய்த்து மெருகேற்றினான். அம்மி கொத்தும் உழைப்பாளியின் உளியும் அவ்வாறே கொத்துகிறது. கருவி மாறியது, கலை மாறவில்லை. அன்றைய கல்லை அருங்காட்சியகத்தில் வைத்துப் போற்றுகிறோம். இன்றைய கையை ஏளனம் செய்கிறோம். இது முறையா?

ஆசிரியத் தோழர்களே! நம் வகுப்பில் கல்லுடைப்போர் வீட்டுப் பிள்ளையும் அமர்ந்திருக்கிறான். நாம் வீசும் அந்த வசைமொழி அவன் தந்தையின் நெற்றியில் விழுகிறது. அதை விட்டொழிப்போம். அத்தந்தையை ஒருநாள் பள்ளிக்கு அழைப்போம். கோணத்தைப் பற்றிய பாடத்தை அவர் நடத்தட்டும். நாம் மாணவரோடு அமர்ந்து கேட்போம்!