கண்டும் காணாமல்

அட்லாண்டா

அன்புள்ள அண்ணாச்சி,

போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டீர்கள்: "என்னடே, தங்க வந்தவன் பண்ணுன தப்புக்கு அங்க லாட்ஜ்காரன் தலையில நாலு கோடி டாலர் கட்டிட்டாவளாமே?" ஜங்ஷன் பக்கத்தில் இத்தனை வருடம் லாட்ஜ் நடத்துகிறவருக்கு அந்தச் செய்தி வயிற்றைக் கலக்கத்தான் செய்யும். போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை என்பதால் எழுதுகிறேன்.

செய்தி உண்மைதான். எங்கள் வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் டீகேட்டர் என்று ஓர் ஊர். அங்கே ஒரு விடுதியில் பதினாறு வயதுப் பெண்ணை அடைத்துவைத்து விற்றிருக்கிறார்கள். அவள் போட்ட வழக்கில், விடுதியை நடத்திய நிறுவனம் 4 கோடி டாலர் தர வேண்டும் என்று 2025 ஜூலையில் அட்லாண்டா மத்திய நீதிமன்றத்தின் ஜூரி சொல்லிவிட்டது. அதில் ஈட்டுத்தொகை 1 கோடிதான். மிச்சம் 3 கோடியும் தண்டம்.

ஆள் கடத்தலுக்கு எதிரான சட்டம் இங்கே வந்தது 2000இல். பாதிக்கப்பட்டவரே நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்று 2003இல் சேர்த்தார்கள். 2008இல்தான் லாட்ஜ்காரர்களுக்குப் பிடி இறுகியது. அந்த அக்கிரமத்தில் கூட்டுச்சேர்ந்து ஆதாயம் பார்த்தவர் யாராக இருந்தாலும், நடந்தது அவருக்குத் தெரிந்திருந்தாலும் சரி, தெரிந்திருக்க வேண்டியதாக இருந்தாலும் சரி, வழக்கு அவர்மேலும் பாயும். அந்த 'தெரிந்திருக்க வேண்டியது' என்பதற்கு வக்கீல்கள் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதுகிறார்கள். நம்மூரில் அதற்கு இரண்டு சொல் போதும்: கண்டும் காணாமல்.

ஆனால் அண்ணாச்சி, கண்டும் காணாமல் இருப்பதுதானே உங்கள் தொழிலின் மரியாதையே? யார் யாரோடு வந்தார் என்று கேட்காதவன்தான் நல்ல மேனேஜர். நானும் அப்படித்தான் இருந்தேன்.

2009இல் கம்ப்யூட்டர் வேலை போய், எட்டு மாதம் நெடுஞ்சாலையோர மோட்டல் ஒன்றில் ராத்திரி டெஸ்க்கில் உட்கார்ந்தது உங்களுக்குத் தெரியும். முதலாளி குஜராத்திக்காரர். இந்த நாட்டு விடுதிகளில் பாதிக்கு மேல் இந்திய வம்சாவளியினர் கையில்தான் இருக்கிறது, அதிலும் படேல்கள். அவரை எல்லோரும் 'காக்கா' என்போம். சித்தப்பா என்று அர்த்தம். எனக்குச் சிரிப்பை அடக்க ஒரு வாரம் ஆனது.

பின்வாசல் பக்கம் 118ஆம் அறை. வாடகை தினமும் ரொக்கம், அதுவும் ஒருநாளைக்கு மட்டும். நாலு நாளாகக் கதவில் 'தொந்தரவு செய்யாதீர்' அட்டை. அறை சுத்தம் செய்யும் குவாதமாலா அம்மா வேலை முடிந்து போகும்போது என் மேஜையில் கையை ஊன்றி, தெரிந்த இங்கிலீஷில் சொன்னாள்: "இன்னிக்குப் பதினொரு துண்டு கேட்டாங்க. என்னை உள்ளே விடலை." நான் தலையாட்டினேன். இரண்டு பேர் தங்கும் அறைக்குப் பதினொரு துண்டு எதற்கு என்று கணக்குப் போட எனக்குத் தெரியாதா?

அன்று ராத்திரி இரண்டு மணிக்கு ஐஸ் மெஷின் பக்கம் ஒரு பெண் வந்தாள். ஜனவரிக் குளிர், காலில் செருப்பில்லை. வாளியை நிரப்பிவிட்டு என்னைப் பார்த்து, "இன்னிக்கு என்ன கிழமை?" என்றாள்.

"வியாழன்" என்றேன்.

அவள் பின்னாலேயே ஒருவன் வந்து நின்றான். அவள் போய்விட்டாள். சனிக்கிழமை அறை காலி. காக்காவிடம் நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் என்ன செய்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியாது. ஆக, கிழமைகூடத் தெரியாமல் ஒரு பெண்ணை வைத்திருந்தார்கள். எனக்குத் தெரிந்தும் 'வியாழன்' என்று சரியாகப் பதில் சொன்னேன்.

இப்போது ஊழியர்களுக்குப் பயிற்சி கட்டாயம் என்று பல மாநிலங்களில் சட்டம் வந்துவிட்டது. கனெக்டிகட் 2016இல் கொண்டுவந்தது. கலிஃபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை குறைந்தது 20 நிமிடம். இரண்டு ஈடு இட்லி அவியும் நேரம்! ஃபுளோரிடாவில் 2019இல் வந்த சட்டப்படி பயிற்சியும் அறிவிப்புப் பலகையும் வேண்டும். இல்லையென்றால் நாளுக்கு 2,000 டாலர் அபராதம். பயிற்சியில் சொல்லித் தருவதெல்லாம் அந்த குவாதமாலா அம்மா ஏற்கெனவே எண்ணிவைத்திருந்ததுதான்: துண்டு, ரொக்கம், பெட்டி படுக்கை இல்லாத ஆள், பெண்ணிடம் கேட்டால் பதில் சொல்லும் ஆண். கதவை உடைத்துப் போகச் சொல்வதில்லை; போகவும் கூடாது, அடி உள்ளே இருக்கும் பெண்ணுக்குத்தான் விழும். மேனேஜரிடம் சொல், இந்த எண்ணுக்குப் போன் போடு, அவ்வளவுதான். என் கேள்வி, மணிக்கூலிக்கு வேலை பார்க்கும் அந்த அம்மா சொன்னால் கேட்க மேஜைக்கு இந்தப்பக்கம் ஆள் உண்டா என்பது.

அதற்காக விடுதி ஒன்றும் போலீஸின் கிளை இல்லை. நீங்கள் ஸ்டேஷன்காரர் வந்தால் ரிஜிஸ்டரைத் திருப்பி வைத்துவிடுவீர்கள். இங்கே லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு படேல் அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம்வரை போய் 2015இல் ஜெயித்தார். காட்ட மறுத்தால் அங்கேயே கைது என்பது செல்லாது, முதலில் ஒரு நடுநிலையாளரிடம் முறையிட வழி தர வேண்டும் என்று ஐந்துக்கு நாலு தீர்ப்பு.

எனக்கு ஆத்திரம் வருவது பெரிய போர்டுக்காரர்கள்மேல். விடுதியை நடத்துவது உள்ளூர் முதலாளி, வாசலில் தொங்கும் பேர் அவர்களுடையது. திரைச்சீலை நிறம்வரை அவர்கள் விதிப்பதுதான், வருமானத்தில் பங்கும் உண்டு. வழக்கு என்றால் மட்டும் 'அது உள்ளூர் முதலாளி பாடு'. 2019இல் ஒஹையோ நீதிமன்றம் ஒன்று அவர்கள்மேலும் வழக்கு நடக்கட்டும் என்றது. 2021இல் இங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம், பங்கு வாங்கியதாலேயே கூட்டுச்சேர்ந்ததாக ஆகாது என்று விட்டுவிட்டது. காக்காவுக்கு அப்படித் தப்பிக்க வழியில்லை. அவர் குடியிருந்ததே ஆபீஸுக்குப் பின்னால்தான்.

எங்கள் ஜார்ஜியாவில் 2013 முதல், உதவி எண் போட்ட அறிவிப்பு விடுதிகளில் இருந்தாக வேண்டும். வாசலருகே மட்டும் போதாது, பொதுக் கழிப்பறையிலும் ஒட்ட வேண்டும். அப்படி மாட்டிக்கொண்ட பெண் தனியாகப் போகிற இடம் அது ஒன்றுதானே. போன மாதம் அந்தப் பழைய மோட்டல் பக்கம் போனபோது வண்டியை நிறுத்தி உள்ளே போனேன். முதலாளி மாறிவிட்டார், ஐஸ் மெஷின் புதிது. கழிப்பறைக் கதவின் உட்புறம், உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக, அந்த எண். என் காலத்தில் அங்கே 'கை கழுவவும்' என்று மட்டும்தான் போட்டிருந்தது.

மதினியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தம்பி