தலீத்தாகூமி: வீட்டுப் பாஷையில் ஒரு வார்த்தை

மாற்கு சுவிசேஷம் 5ஆம் அதிகாரத்தில் 'தலீத்தாகூமி' என்னும் சொல்லை நாம் அனைவரும் வாசித்திருக்கிறோம். நம் தமிழ் வேதாகமம் அதை அப்படியே வைத்துவிட்டு, பிறகு பொருளைச் சொல்லுகிறது. கிரேக்கத்தில் எழுதிய மாற்குவும் அவ்வாறே செய்தார். லூக்காவோ பொருளை மட்டுமே எழுதினார்.

இது கலிலேயர் வீடுகளில் புழங்கிய அரமாயிக் பாஷை. 'தலீத்தா' என்றால் சிறுபெண். 'கூமி' என்றால் எழுந்திரு. பழமையான சில கையெழுத்துப் பிரதிகளில் 'கூம்' என்றே காணப்படுகிறது. பெண்ணை நோக்கிச் சொல்லும்போது இலக்கணப்படி ஈற்றில் வரவேண்டிய 'இ', பேச்சில் தேய்ந்துபோயிற்று என்பர் அறிஞர். 12 வயதுப் பிள்ளையின் கையைப் பிடித்து ஆண்டவர் சொன்னவை இரண்டே சொற்கள். விடியற்காலையில் எந்தத் தாயும் தன் மகளிடம் சொல்லக்கூடிய சொற்கள் அவை!

சிலுவையிலும் அப்படியே. அவர் எடுத்துச் சொன்ன 22ஆம் சங்கீதம் எபிரெயுவில் எழுதப்பட்டது. கைவிட்டதைக் குறிக்க அங்கே இருப்பது 'அசவ்தானி' என்னும் சொல். ஆண்டவரோ 'சபக்தானி' என்றார், அது அரமாயிக். ஜெப ஆலயத்துச் சுருளை வாசித்தவர், வேதனையின் உச்சத்தில் வீட்டுப் பாஷையிலே கூப்பிட்டார்.

2011இல் என் தாயார் மும்பை மருத்துவமனை ஒன்றில் நினைவிழந்து கிடந்தார்கள். செவிலியர் இந்தியிலும் மராத்தியிலும் அன்போடு அழைத்தும் அசைவில்லை. மூன்றாம் நாள், இந்நகரிலேயே பிறந்து வளர்ந்த என் மகள், தனக்குத் தெரிந்த கொஞ்சத் தமிழில், "ஆச்சி, எந்திரிங்க" என்றாள். அவர்களுடைய விரல்கள் அவள் கையை இறுகப் பற்றின. ஆச்சி எழும்பவில்லை, பதினோராம் நாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஆனாலும் பேத்தியின் சத்தம் அவர்கள் உள்ளத்தைத் தொட்டது என்பதில் எனக்கு ஐயமில்லை.

எந்தப் பாஷையில் ஜெபித்தாலும் கேட்கிறவர் நம் தேவன். ஒரு பாஷை மற்றதைவிடப் பரிசுத்தமானதும் அன்று. ஆயினும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் அற்றுப்போனால், முதியோரின் கடைசிப் படுக்கையருகே அவர்கள் ஊமையராய் நிற்பார்களே! பள்ளிக்கு ஆங்கிலமும் தெருவுக்கு இந்தியும் இருக்கட்டும். இரவு குடும்ப ஜெபத்தில் ஒரு அதிகாரமாவது அவர்கள் தமிழில் வாசிக்கட்டும். தடுமாறினால் பொறுமையாய்த் திருத்துவோம். இன்றிரவே தொடங்குவோம்.