மூச்சுக்குப் பட்ட கடன்

நன்றி என்னும் சொல்லை நாம் ஒரு நாளைக்குப் பத்து முறையேனும் சொல்கிறோம். பேருந்தில் இடம் கொடுத்தவருக்குச் சொல்கிறோம். குறிப்பேட்டை இரவல் கொடுத்த தோழனுக்கும் சொல்கிறோம். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். பதினோராவது அதிகாரமாகிய அதனைப் பள்ளியில் மனப்பாடம் செய்து மதிப்பெண்ணும் பெற்றேன். ஆயினும் அதன் பொருளை நான் கற்றது வகுப்பறையில் அன்று; யமுனையின் கீழ்க்கரையில், மயூர் விஹாரில், எங்கள் வீட்டு மாடிப்படியில்.

2021-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். கொரோனாவின் இரண்டாம் அலை தில்லியைச் சூறையாடிய காலம். 19-ஆம் நாள் இரவு ஊரடங்கு தொடங்கியது. மறுநாள் மட்டும் தலைநகரில் 28,395 பேருக்கு நோய் கண்டது. பத்தாம் வகுப்புத் தேர்வு ரத்தாயிற்று என்று துள்ளிக் குதித்தவன் நான். அந்த மகிழ்ச்சி நெடுநாள் நிலைக்கவில்லை. அம்மாவுக்கும் அப்பாவுக்கும் காய்ச்சல் கண்டது. அம்மா தேறினார், அப்பா தேறவில்லை.

மாதக் கடைசியில் ஓர் இரவு, அப்பாவின் விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 86 என்று காட்டியது. 94-க்குக் கீழே இறங்கினால் ஆபத்து என்பதை அந்நாளில் சிறுவரும் அறிந்திருந்தோம். தொலைபேசியில் கேட்ட இடமெல்லாம் படுக்கை இல்லை என்ற ஒரே விடைதான். ஊரே மூச்சுக்குத் தவிக்கும்போது யாரை நொந்துகொள்வது?

கீழ்வீட்டில் ஒரு சர்தார்ஜி அங்கிள். அறுபதைக் கடந்தவர். செய்தி கேட்டதும் கார் சாவியுடன் வந்து நின்றார். "உங்களுக்கும் தொற்றிக்கொள்ளுமே" என்று அம்மா தயங்கினார். "கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுகிறேன், சகோதரி. முதலில் இவரை ஏற்றுங்கள்" என்றார் அவர்.

கார் இந்திராபுரம் குருத்வாராவுக்குச் சென்றது. அங்கே கால்சா ஹெல்ப் இன்டர்நேஷனல் அமைப்பினர் 'ஆக்சிஜன் லங்கர்' நடத்திவந்தனர். வந்தவர்க்கெல்லாம் சாதி மதம் பாராது உணவிடும் லங்கரை நாம் அறிவோம். அங்கு அவர்கள் பரிமாறியது மூச்சுக் காற்று! சாலையோரம் வரிசையாகக் கார்கள். ஒவ்வொன்றிலும் ஒரு நோயாளி. முகக்கவசம் அணிந்த இளைஞர் ஒருவர் அப்பாவின் முகத்தில் குழாயைப் பொருத்தினார். எங்கள் ஊரையோ பெயரையோ அவர் கேட்கவில்லை. விடியும்போது எண் 92-ஐத் தொட்டது.

ஆனால் வீட்டுக்கு வந்த பின் என் செய்வது? மாடிவீட்டில் கேரளத்துச் செவிலியர் ஒருவர் இருந்தார். நாங்கள் அவரைச் சேச்சி என்போம். பன்னிரண்டு மணி நேரப் பணி முடித்து வந்த களைப்போடு, அப்பாவைக் குப்புறப் படுக்கவைத்து மூச்சுவிடக் கற்றுக்கொடுத்தார். அவரே எங்கெங்கோ விசாரித்துச் சிறிய பிராணவாயு உருளை ஒன்றையும் வரவழைத்தார். அது வந்த வரலாற்றைக் கேட்டு நாங்கள் வாயடைத்துப் போனோம். ஒரு குடும்பத்தார் தங்கள் பெரியவருக்காக வாங்கியது அது. முதல் நாள்தான் அவர் காலமானார். அந்தத் துயரிலும், "யாருக்கேனும் பயன்படட்டும். வேலை முடிந்ததும் அடுத்தவருக்குக் கொடுத்துவிடச் சொல்லுங்கள்" என்று சொல்லி அனுப்பினார்களாம்.

அந்த உருளையில் அடங்குவது 1,500 லிட்டர். நிமிடத்துக்கு 5 லிட்டர் திறந்தால் ஐந்து மணி நேரம்தான். சர்தார்ஜி அங்கிளின் மகன் அதனை நிரப்பிவர இரவெல்லாம் வரிசையில் நின்றார். எங்கள் வாசலில் வேளை தவறாமல் சாப்பாடு இருந்தது. ஒரு நாள் ரொட்டி, ஒரு நாள் கஞ்சி. வைத்துப்போனவர் யாரென்று இன்றும் முழுதும் அறியோம்.

ஒன்பதாம் நாள் எண் 95 ஆயிற்று. இங்குதான் என் குறையையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். உருளையைக் கேட்டுக் கல்யாண்புரியிலிருந்து ஓர் அழைப்பு வந்தது. "இன்னும் நான்கு நாள் நம்மிடமே இருக்கட்டும் அம்மா. இரவில் மறுபடியும் இறங்கினால்?" என்றேன். அம்மா உடனே விடை சொல்லவில்லை. அவருக்கும் அந்த அச்சம் இருந்தது. கட்டிலில் கிடந்த அப்பாதான் கையசைத்தார். "கொடுத்துடுப்பா. அவங்க வெச்சுக்கிட்டிருந்தா நான் இருந்திருக்க மாட்டேன்" என்றார். அத்தனை சொற்களை ஒரே மூச்சில் அவர் பேசி ஒன்பது நாளாகியிருந்தது.

என் வயதுடைய பையன் ஒருவன் ஸ்கூட்டரில் வந்து உருளையை எடுத்துப்போனான். போகும்போது என்னைப் பார்த்துக் கைகூப்பினான். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வணக்கம் எனக்கு உரியதா?

அப்பா பிழைத்தார். அந்தப் பையன் வீட்டில் என்ன ஆயிற்று என்பது எனக்குத் தெரியாது. உருளை கொடுத்த குடும்பத்தைத் தேடிச் சென்று நன்றி சொல்ல அம்மா விரும்பினார். சேச்சி ஒரே சொல்லில் மறுத்தார்: "வேண்டாம் என்றார்கள்."

நண்பர்களே! பட்ட கடனைப் பட்டவரிடமே தீர்க்க வழியில்லாதபோது, அது தீர்ந்ததாகிவிடாது. தமிழகத்திலிருந்து ஆண்டுதோறும் மொழியறியாமல் இந்நகருக்கு வந்து சேரும் மாணவர் பலர். நம் விடுதியில் எவரேனும் காய்ச்சலில் தனியே கிடக்கக்கூடும். இவ்வேட்டை மூடியதும் அந்தக் கதவை ஒரு முறை தட்டிப் பாருங்கள். நானும் வருகிறேன்.