பழைய கூலி எவ்வளவு?

பல்லடம் பக்கம் விசைத்தறிக்காரர்களுக்குப் பாவும் ஊடை நூலும் கொடுத்து, காடாத் துணியாக நெய்து வாங்கும் நிறுவனங்களின் கணக்கு மென்பொருளைப் பராமரிக்கிறேன். பல ஆண்டுகளாகப் பலர் ஜாவாவில் எழுதிச் சேர்த்தது. பாவு வழங்கல், பீஸ் வரவு, கூலி பில் என எல்லாத் திரைகளுக்கும் அடியில், யார் எப்போது திருத்தினார் என்று குறிக்கும் அதே வரிகள். சில திரைகளில் அவை இல்லவே இல்லை.

1 ஏப்ரல் 2023 முதல் அப்படி விட்டுவைக்க வழியில்லை. கம்பெனிகள் சட்டத்தில் பதிவான நிறுவனம் கணினியில் கணக்கு வைத்தால், ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை நிறுத்திவைக்கவும் முடியக் கூடாது.

எந்தத் திரைக்கும் சொந்தமில்லாமல் எல்லாத் திரையிலும் சிதறிக் கிடக்கும் இத்தகைய வேலைகளுக்காகத்தான் ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் கிரெகோர் கிக்ஸாலெஸ் குழுவினர் 1997இல் ஆஸ்பெக்ட் முறையை முன்வைத்தார்கள். அங்கே ஜாவாவின் நீட்சியாகப் பிறந்த ஆஸ்பெக்ட்ஜே மொழியில் அந்த வரிகளை ஒரே இடத்தில் எழுதி, எந்தெந்த மெதட்களில் சேர வேண்டும் என்று ஒரு விதி கொடுத்தால் போதும், கம்பைலர் சேர்த்துவிடும். பழைய நிரலில் அவற்றைத் தேடவும் கருவிகள் உண்டு. மிக அதிக இடங்களிலிருந்து அழைக்கப்படும் மெதட் எது என்று எண்ணிப் பட்டியலிடுவது ஒரு வழி. நிரல் எழுதும் எக்லிப்ஸில் ஏஜேடிடி என்ற இணைப்புக் கருவி, ஆஸ்பெக்ட் சேரும் வரிகளுக்குப் பக்கத்திலேயே குறி போட்டுக் காட்டும். கண்ணால் தேடினால் தப்பிவிடுவதை இவை பிடித்துவிடும். இந்த உதவியை நான் மனதார மதிக்கிறேன்.

ஆனால் கருவிக்குத் தொழில் தெரியாது. பாவு வழங்கலில் சேமித்த பிறகு பதிவு எழுதினாலும் சரிதான். கூலி பில் அப்படியல்ல. மீட்டர் கூலியைத் திருத்தும்போது, பழைய கூலி அழியும் முன்பே பதிவாக வேண்டும். இரண்டு இடத்திலும் வரிகள் ஒன்றேபோல் இருப்பதால் கருவி இரண்டையும் ஒரே ஆஸ்பெக்டுக்குள் போடச் சொல்கிறது. அப்படியே போட்டால் பழைய கூலி காணாமல் போகும். கூலித் தகராறு வரும் நாளில் தறிக்காரருக்கு அந்த ஒரு எண்தான் சாட்சி.

இன்னொன்று, விதி பெயரை நம்பி நிற்கிறது. ‘சேவ்’ என்று தொடங்கும் மெதட்களில் சேர் என்று எழுதிவைத்தால், நாளை ஒருவர் பெயரை ‘அப்டேட்’ என்று மாற்றியதும் பதிவு நின்றுபோகும். நிரல் வழக்கம்போல் ஓடும், பிழைச் செய்தியும் வராது. அதனால் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பழைய மதிப்போடு பதிவு விழுகிறதா என்று பார்க்கும் சோதனைகளை முதலில் எழுதுங்கள். எழுதும்போது கூலி பில் போடுகிறவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். கருவியை அப்புறம் ஓட்டலாம்.